ஐஸக் லீஸர் விட்டுச் சென்ற தர்மம்

நம் வீட்டு வாயிற்படியருகே வந்து நிற்கும் இரவலன் 'தானம் கொடுங்கள்' என்று கேட்பது அபூர்வம். 'அம்மா, தர்மம்' என்றுதான் குரல் கொடுக்கிறான். நீதிக்கும் ஒழுக்கத்துக்கும் பெயராக இருக்கும் ஒரு சொல்லே பிடி அரிசிக்கும் பெயராக வழங்குவதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டபடியால், அதில் பொதிந்துள்ள தத்துவம் நம் செவிக்கு எட்டுவதில்லை. எபிரெய மொழியிலும் இதே வழக்கு உண்டு. ஏழைக்குக் கொடுப்பதை யூதர்கள் 'ஸெதாக்கா' என்கிறார்கள்; அச்சொல்லின் வேர்ப்பொருள் நியாயம், நேர்மை என்பதாகும். கொடுப்பவனுடைய நெஞ்சு இளகினாலும் இளகாவிட்டாலும், வயலின் ஓரத்தை அறுக்காமல் வறியவனுக்கு விட்டுவிட வேண்டும் என்றும், அறுக்கும்போது சிந்திய கதிரைத் திரும்பிச் சென்று பொறுக்கலாகாது என்றும் அவர்களுடைய வேதம் விதித்திருக்கிறது. ஆகவே அவர்கள் கருத்தில் ஈகை என்பது உடைமையோடு கூடவே பிறந்த ஒரு கடன்.

இந்தக் கடனை எவ்வாறு தீர்ப்பது என்பதைப் பற்றி அவர்களுடைய ஆன்றோர் நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். எருசலேம் ஆலயத்தில் 'இரகசிய அறை' என்று ஓர் அறை இருந்ததாகவும், கொடுப்போர் அதில் மறைவாகக் கொண்டுவந்து வைக்க, நல்ல குடியிற் பிறந்து நொடித்துப் போனவர்கள் மறைவாகவே வந்து எடுத்துச் சென்றதாகவும் பழைய நூலான மிஷ்னா கூறுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ் என்னும் பேரறிஞர் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தார். முகஞ்சுளித்துக் கொடுப்பது அடிப்படி; கொடுத்தவன் இன்னான் என்று கொள்பவனுக்கும், கொள்பவன் இன்னான் என்று கொடுத்தவனுக்கும் தெரியாமற் கொடுப்பது உச்சிக்கு அடுத்த படி; ஒருவன் இனி எவர் கையையும் எதிர்பார்க்க வேண்டாதபடி அவனுக்குக் கடனோ, கூட்டுத்தொழிலோ, வேலையோ கொடுத்துக் கைதூக்கி நிறுத்துவதே உச்சிப்படி. இந்த இரண்டு மேற்படிகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில், கையில் பெரும்பொருள் இல்லாமலே பெருங்கொடையாளராக வாழ்ந்த ஒருவரின் வரலாற்றைப் பார்ப்போம். அவர் பெயர் ஐஸக் லீஸர்.

அமெரிக்க மண்ணில் யூதர்களின் தருமம் ஒரு நிபந்தனையாகவே வேரூன்றியது. 1654ஆம் ஆண்டு, பிரேசிலின் ரெசீபே நகரைப் போர்ச்சுக்கீசியர் டச்சுக்காரரிடமிருந்து மீட்டுக்கொண்டபோது அங்கிருந்து வெளியேறிய யூதர்களில் 23 பேர், பிற்காலத்தில் நியூயார்க் ஆகப்போகும் நியூ ஆம்ஸ்டர்டாம் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களைத் துரத்திவிட வேண்டும் என்று ஆளுநர் ஸ்டைவெசன்ட் மேலிடத்துக்கு எழுதினார். டச்சு மேற்கிந்தியக் கம்பெனியார் 1655இல் அனுப்பிய மறுமொழி வேறு விதமாக இருந்தது: அவர்கள் தங்கலாம், வாணிபம் செய்யலாம், ஆனால் அவர்களிடையே உள்ள ஏழைகள் கம்பெனிக்கோ ஊருக்கோ பாரமாகாமல், அவர்களுடைய சொந்த இனத்தாராலேயே ஆதரிக்கப்பட வேண்டும். வேதம் விதித்த கடனையே கம்பெனியும் குடியிருப்புக்கு விலையாகக் கேட்டது. கம்பெனியின் ஆட்சி சில ஆண்டுகளில் மறைந்துவிட்டது. தம் ஏழைகளைத் தாமே காப்பது என்னும் வழக்கமோ அந்தச் சமூகத்தின் எலும்பில் ஊறிவிட்டது.

பிலடெல்பியா நகரத்து யூதர்கள் கல்லறைக்கென ஓர் இடம் பெற்றது 1740இல். அங்கு வளர்ந்த மிக்வே இஸ்ரேல் என்னும் சபையார் 1782இல் தங்களுக்கென ஒரு ஜெபாலயம் கட்டினார்கள். விடுதலைப் போர் முடிந்தபின் அகதிகளாக வந்திருந்த பலரும் தத்தம் ஊர்களுக்குத் திரும்பிவிட, எஞ்சியிருந்த சிறு கூட்டம் கட்டிடக் கடனின் கீழ் நசுங்கியது. 1788இல் அவர்கள் வெட்கத்தை விட்டு, மதபேதம் பாராமல் நகர மக்கள் எல்லோரிடமும் கையேந்தினார்கள். அந்த நன்கொடைப் பட்டியலில் ஐந்து பவுன் எழுதிக் கையொப்பமிட்டவர்களில் ஒருவர் பெஞ்சமின் பிராங்க்ளின். தமக்கென ஒதுங்கி வாழ்ந்த ஒரு சபை அயலாரின் ஈகையை ஏற்றுப் பிழைத்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. அந்தச் சபைக்குத்தான் நாற்பத்தோராண்டுகளுக்குப் பின் லீஸர் வந்து சேர்ந்தார்.

லீஸர் 1806ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஜெர்மனியின் வெஸ்ட்பாலியாப் பகுதியில் நியூயன்கிர்க்கன் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். மூன்ஸ்டர் நகரில் பள்ளிக் கல்வியும் ஓரளவு வேதக் கல்வியும் பெற்றார். 1824இல், பதினேழு வயதுப் பிள்ளையாக, வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டில் வணிகம் செய்துவந்த தம் மாமாவிடம் கடல் கடந்து சென்றார். மாமாவின் கடையில் கணக்கு எழுதுவதும், ஓய்வு நேரத்தில் ஆங்கிலம் கற்பதும், உள்ளூர் ஜெபாலயத்தில் வழிபாட்டை முன்னின்று நடத்திய ஐஸக் செய்க்ஸாஸுக்குத் துணை நிற்பதுமாக நாள் கழிந்தது. ஸ்பெயின், போர்ச்சுகல் தேசத்து யூதர்களின் வழிபாட்டு முறையும் இராகமும் ஜெர்மன் யூதரான இவருக்கு அங்கேதான் பாடமாயின. லண்டன் பத்திரிகை ஒன்றில் யூதர்களை இழித்துரைத்து ஒரு கட்டுரை வெளிவந்தபோது, இந்த இளைஞர் ரிச்மண்ட் நாளிதழில் அதற்குத் தொடர்ந்து மறுப்பு எழுதினார். கடைக் கணக்கப்பிள்ளை எழுதிய அந்த மறுப்புகளின் கீர்த்தி பிலடெல்பியா வரைக்கும் எட்டியது. 1829இல் மிக்வே இஸ்ரேல் சபையார் அவரைத் தங்கள் 'ஹஸான்' ஆக, அதாவது வழிபாட்டை ஓதி நடத்துபவராக, அழைத்துக்கொண்டார்கள். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரபி என்றால் வேத சாஸ்திரங்களைக் கரைகண்டு, முன்னோரான ரபிகளிடம் பட்டம் பெற்றவர். லீஸர் அந்தப் பட்டம் பெற்றவரல்லர். அவர் பதவியேற்ற நாளில் அமெரிக்காவிலேயே பட்டம் பெற்ற ரபி ஒருவரும் இல்லை. முதல்வராக ஆபிரகாம் ரைஸ் என்பவர் பால்டிமோருக்கு வந்தது 1840இல். எனினும், ரபி ஒருவர் செய்ய வேண்டிய உபதேசம், நூலாக்கம், வழக்குத் தீர்வு, கல்விப் பணி, ஏழை பராமரிப்பு ஆகிய அனைத்தையும் நாற்பதாண்டுக் காலம் தனி மனிதராகச் செய்தபடியால், பின்வந்த தலைமுறைகள் அவரை ரபிகளின் வரிசையிலேயே வைத்து எண்ணுகின்றன. ஓதுவது மட்டுமே ஹஸானின் வேலை என்று சபை நிர்வாகிகள் நினைத்திருக்க, அவர் 1830 முதற்கொண்டு ஆங்கிலத்தில் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். எபிரெயம் மறந்து, ஜெர்மனும் மறந்து, ஆங்கிலமே தாய்மொழியாகிவிட்ட பிள்ளைகளுக்கு வேறு எந்த மொழியில் வேதத்தைச் சொல்வது என்பது அவருடைய கேள்வி. அந்தப் பிரசங்கத்துக்குச் சபையார் முறைப்படி இசைவு தந்தது 1843இல்தான்.

அவருடைய சொந்த வாழ்வில் ஒரு காயம் இருந்தது. 1834இல் அவரை அம்மை நோய் கொடுமையாகத் தாக்கியது. படுக்கையிலிருந்த அண்ணனுக்குப் பணிவிடை செய்ய வந்த தம்பி ஜேக்கப், அதே நோயைத் தொற்றிக்கொண்டு இறந்துபோனார், அண்ணன் பிழைத்தார். முகமெங்கும் தழும்பு நிலைத்துவிட்டது. கண்ணாடியில் முகம் பார்க்கும் போதெல்லாம் தமக்காக உயிர்கொடுத்தவனின் நினைவு அவருக்கு வராமலிருந்திருக்க முடியாது. லீஸர் கடைசிவரை மணம் புரியவில்லை, ஒற்றையாளாகவே வாழ்ந்தார். தம்முடைய ஆயுள் தமக்கு மட்டும் உரியதன்று என்பதுபோல் உழைத்த அந்த உழைப்புக்கு வேர் அந்த நோயறையில் இருந்ததென்று சொல்வது ஊகமே ஆயினும், அவர் வாழ்க்கையைப் படிப்பவர்களுக்கு அந்த ஊகம் தோன்றாமற் போகாது.

அக்காலத்துப் பிலடெல்பியாவில் லீஸருக்கு இணையாக நின்று தருமம் வளர்த்தவர் ரெபெக்கா கிராட்ஸ் அம்மையார். 1781இல் செல்வக் குடியிற் பிறந்து, அவரும் மணம் புரியாமல் வாழ்ந்தவர். 1819இலேயே நகரத்து ஏழை யூதப் பெண்களுக்கு உதவுவதற்கென மாதர் சங்கம் ஒன்று அமைத்தவர். விறகும் துணியும் கொடுத்துவிடலாம். ஏழைக் குழந்தைக்கு வேதமும் பண்பாடும் யார் கொடுப்பது என்ற கேள்வி அவர் மனத்தை அரித்தது. பணம் கட்டிப் படிக்க வைக்க முடியாத பெற்றோரின் பிள்ளைகள் கிறிஸ்தவ மிஷனரிகளின் இலவச ஞாயிறு பள்ளிகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். லீஸரின் ஊக்கத்தோடு, 1838ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள், கட்டணம் இல்லாத யூத ஞாயிறு பள்ளி ஒன்றை ரெபெக்கா அம்மையார் திறந்தார். அமெரிக்காவில் யூதர்களுக்கென ஏற்பட்ட முதல் ஞாயிறு பள்ளி அதுவே. கற்பித்தவர்கள் அனைவரும் சம்பளம் வாங்காத பெண்கள்.

பள்ளி திறந்தாயிற்று, பாடநூலுக்கு எங்கே போவது? ஆங்கிலத்தில் யூதக் குழந்தைகளுக்கென்று எழுதப்பட்ட வேதப் பாடநூல் அப்போது போதிய அளவில் இல்லை. ஆசிரியைகள் கிறிஸ்தவ ஞாயிறு பள்ளிகளுக்காக அச்சிடப்பட்ட நூலையே வாங்கிக்கொண்டு, தங்கள் சமயத்துக்கு ஒவ்வாத வினா விடைகளின்மேல் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகளைப் பசை தடவி ஒட்டினார்கள். கோடை விடுமுறை நாட்கள் இந்த ஒட்டு வேலையிலேயே கழிந்தன. குழந்தைகளோ, குழந்தைகளுக்கே உரிய குணத்தால், ஒட்டிய காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தும் ஓரத்தை நகத்தால் நெம்பியும் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க முயன்றார்கள். இந்தப் பசைக் காகிதம் ஒரு சமூகத்தின் நிலைமையைத் துல்லியமாகக் காட்டுகிறது: பசியாற்ற ரொட்டி இருந்தது, பிள்ளைக்குக் கொடுக்கச் சொந்தமாக ஒரு புத்தகம் இல்லை. லீஸர் உட்கார்ந்து, சிறு பிள்ளைகளுக்கான வினாவிடை நூல் ஒன்றை எழுதி 1839இல் வெளியிட்டார். அதை ரெபெக்கா அம்மையாருக்கே சமர்ப்பித்தார்.

ஏழையின் பசிக்கு அடுத்தபடியாக அவனுடைய அறியாமையைத் தீர்ப்பதே தருமம் என்ற முடிவுக்கு வந்தபின், லீஸருடைய பேனா ஓயவில்லை. ஸ்பானிய யூத முறைப்படியான வழிபாட்டு நூலை ஆங்கில மொழிபெயர்ப்போடு ஆறு பாகங்களாக 1837, 1838ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். மோசேயின் ஐந்து நூல்களை 1845இல் தொடங்கி எபிரெயமும் ஆங்கிலமுமாக அச்சிட்டார். 1853இல் எபிரெய வேதாகமம் முழுவதையும் ஆங்கிலத்தில் தந்தார். அமெரிக்காவில் யூதர் ஒருவர் செய்த முதல் முழு மொழிபெயர்ப்பு அது. அடுத்த அறுபதாண்டுகளுக்கு மேலாக அந்நாட்டு யூத வீடுகளிலும் பள்ளிகளிலும் அதுவே வழங்கியது. இவற்றை அச்சேற்றக் காத்திருந்த வெளியீட்டாளர் எவரும் இல்லை. ஆசிரியரே சந்தா சேர்ப்பவராகவும், மெய்ப்புத் திருத்துபவராகவும், நூல்களை விற்பவராகவும் இருக்க வேண்டியிருந்தது.

1843ஆம் ஆண்டு ஏப்ரலில் 'மேற்றிசை' என்று பொருள்படும் 'ஆக்ஸிடென்ட்' என்னும் மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். அமெரிக்க யூதர்களிடையே நிலைபெற்ற முதல் பத்திரிகை என்று அதைச் சொல்லலாம். 1840இல் அந்நாட்டில் யூதர் தொகை சுமார் 15,000. இருபதே ஆண்டுகளில் அது ஏறக்குறைய பத்து மடங்காகப் பெருகியது. ஜெர்மனியிலிருந்து வந்திறங்கிய இளைஞர்கள் முதுகில் மூட்டையைச் சுமந்துகொண்டு, பக்கத்தில் ஒரு யூதக் குடும்பம்கூட இல்லாத சிற்றூர்களில் சுற்றிச் சுற்றி விற்று ஜீவனம் செய்தார்கள். அத்தகைய ஊர்களுக்கு அந்தப் பத்திரிகைதான் ஜெபாலயமாகவும், பள்ளிக்கூடமாகவும், உறவினர் கடிதமாகவும் போய்ச் சேர்ந்தது. எந்த ஊரில் புதிய சபை கூடியது, எங்கே கல்லறை நிலம் வாங்கினார்கள், எருசலேமில் எத்தனை பேர் பட்டினி, எந்தச் சங்கம் எவ்வளவு கொடுத்தது என்ற செய்திகளெல்லாம் அதன் பக்கங்களில் இடம்பெற்றன. தமாஸ்கு நகரில் யூதர்கள்மீது 1840இல் அபாண்டமான கொலைப்பழி சுமத்தப்பட்டபோது பிலடெல்பியாவில் கண்டனக் கூட்டம் கூட்டி முழங்கியவர் லீஸர். அதன்பின் வந்த இருபத்தைந்து ஆண்டுகளில் தூரதேசத்துத் துன்பம் எதுவாயினும் அதை அமெரிக்க வாசகனின் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது அவருடைய பத்திரிகை.

இனி அவருடைய தோல்விகளைச் சொல்ல வேண்டும். மலிவு விலையில் யூத நூல்களைப் பரப்புவதற்கென்று 1845இல் ஒரு பிரசுர சங்கத்தை அவர் அமைத்தார். மிக்வே இஸ்ரேலின் தலைவரும் பெயர்பெற்ற நூல் வெளியீட்டாளருமான ஆபிரகாம் ஹார்ட் அதன் தலைவரானார். சிறு சிறு நூல்களாகப் பதினான்கு வெளிவந்தன. 1851ஆம் ஆண்டு டிசம்பர் கடைசியில் ஹார்ட்டின் கட்டிடத்தில் நெருப்புப் பிடித்தது. அச்சுத் தகடுகளும் விற்காமல் அடுக்கியிருந்த பிரதிகளும் ஓரிரவில் சாம்பலாயின. சங்கமும் அதோடு முடிந்தது. முந்திய ஆண்டில், ஒப்பந்தம் பற்றிய நெடுநாள் மனத்தாங்கல் முற்றி, இருபத்தோராண்டுகள் பணிபுரிந்த மிக்வே இஸ்ரேலைவிட்டு அவர் வெளியேறியிருந்தார். நிலையான சம்பளம் போயிற்று. பிரசுர சங்கமும் போயிற்று. ஆனால் வேதாகம மொழிபெயர்ப்பு வெளிவந்தது இதற்கடுத்த இரண்டாம் ஆண்டில் என்பதை எண்ணிப் பார்த்தால், சாம்பல் ஆறுவதற்குமுன் அவர் மேஜையடிக்குத் திரும்பிவிட்டார் என்பது விளங்கும். 1857இல் அவருடைய அன்பர்கள் பெத்-எல்-எமெத் என்னும் புதிய சபையை அமைத்து அவரைத் தங்கள் தலைவராக வைத்துக்கொண்டார்கள்.

பொருள் இல்லாதவன் பொருளுடையவனைக் கொடையாளியாக்குவதும் ஓர் ஈகை. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஜூடா டூரோ என்னும் பெருவணிகர் இருந்தார். ரோடு ஐலண்டின் நியூபோர்ட்டில் ஹஸானாக இருந்தவரின் மகனாகப் பிறந்தும், நெடுங்காலம் தம் சமயத்தோடு ஒட்டாமல் தனித்து வாழ்ந்தவர். அதே நகரில் வாழ்ந்த கெர்ஷம் கர்ஷீட் என்பவர் லீஸருடைய உற்ற நண்பர். அந்தக் கிழவருடைய மனத்தைத் தம் சமூகத்தின்பால் திருப்பப் படும் பாட்டையெல்லாம் லீஸருக்குக் கடிதங்களில் எழுதிவந்தவர். 1854ஆம் ஆண்டு ஜனவரியில் டூரோ காலமானபோது அவருடைய உயிலைத் திறந்து பார்த்தவர்கள் வியந்தார்கள். சுமார் ஐந்து லட்சம் டாலர், பல ஊர்ச் சபைகளுக்கும், பள்ளிகளுக்கும், மருத்துவமனைகளுக்கும், யூதரல்லாதாரின் தரும ஸ்தாபனங்களுக்குமாகப் பங்கிடப்பட்டிருந்தது. லீஸருடைய முயற்சியால் 1849இல் பிலடெல்பியாவில் பதிவுபெற்ற எபிரெயக் கல்விச் சங்கத்துக்கு அதில் 20,000 டாலர் கிடைத்தது. பாலஸ்தீனத்து ஏழைகளுக்கென ஒதுக்கிய 50,000 டாலரைக்கொண்டு, ஆங்கிலப் பிரபுவான மோசஸ் மான்டிபியோரி எருசலேமின் பழைய மதிலுக்கு வெளியே ஏழைகளுக்கு வீடுகள் கட்டினார். 1860இல் முடிந்த அந்தக் குடியிருப்பு மிஷ்கெனோத் ஷானனிம் என்ற பெயரோடு இன்றும் அங்கே நிற்கிறது. அந்தச் சுவரில் லீஸரின் பெயர் தேடிப் பயனில்லை.

உள்நாட்டுப் போர் மூண்டபோது பிலடெல்பியாவின் இராணுவ மருத்துவமனைகள் காயம்பட்டவர்களால் நிரம்பின. யூதப் படைவீரன் ஒருவன் அங்கே சாகக் கிடந்தால், அவன் மொழியில் அவன் ஜெபத்தைச் சொல்ல அருகில் ஒருவர் இல்லை; இராணுவச் சட்டமோ குருமார் பதவி கிறிஸ்தவர்களுக்கே என்றிருந்தது. சட்டம் திருத்தப்பட்டபின், நகரத்து யூதர்களின் சார்பில் லீஸர் ஜனாதிபதி லிங்கனுக்கு விண்ணப்பம் எழுதினார். 1862ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜேக்கப் பிராங்கெல் என்பவர் மருத்துவமனைக் குருவாக நியமிக்கப்பட்டார். அமெரிக்க இராணுவத்தில் அத்தகைய பதவி பெற்ற முதல் யூதர் அவரே. போரின் கடைசி மாதங்களில், வடபடையின் கைக்கு வந்துவிட்ட சவானா நகரத்து யூதர்களிடமிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது: பஸ்கா பண்டிகைக்குப் புளிப்பில்லா ரொட்டி வேண்டும்; எங்களிடம் மாவும் இல்லை, பணமும் இல்லை. அதுவரை எதிரி நாடாக இருந்த தெற்கிலிருந்து வந்த அந்தக் குரலை லீஸரும் நியூயார்க் அன்பர்களும் தம் மக்களிடம் எடுத்துரைக்க, கப்பலில் ரொட்டி போய்ச் சேர்ந்தது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டதைக் கொண்டாடும் அந்தப் பண்டிகை, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட ஒரு நகரத்தில், வென்றவர் அனுப்பிய ரொட்டியால் கொண்டாடப்பட்டது. லீஸரே ரிச்மண்டில் வளர்ந்து தெற்கின்மீது பாசம் மாறாதிருந்தவர். அடிமை முறையைக் கண்டித்து அவர் குரல் எழுப்பவில்லை என்பது அவருடைய வரலாற்றை எழுதுகிறவன் மறைக்கக் கூடாத குறை.

சின்சினாட்டியிலும் நியூயார்க்கிலும் ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே யூத மருத்துவமனைகள் எழுந்துவிட்டன. பிலடெல்பியாவிலோ நோயாளி அயலார் மத்தியில் கிடந்து, தன் சமயத்துக்கு விலக்கான உணவை உண்டு, தன் மந்திரம் காதில் விழாமலே கண்மூடினான். இதைத் தம் பத்திரிகையில் எடுத்துச் சொல்லிவந்தார் லீஸர். 1864இல் பினாய் பிரித் என்னும் சகோதர சங்கத்தார் தீர்மானம் செய்ய, 1866இல் நகரின் மேற்குப் பகுதியில் யூத மருத்துவமனை திறக்கப்பட்டது. அனாதைப் பிள்ளைகளுக்கென்று 1855இல் ரெபெக்கா அம்மையாரின் முயற்சியால் ஏற்பட்ட இல்லம் ஏற்கனவே நடந்துகொண்டிருந்தது. ஒரே ஏழை நான்கு சங்கத்தின் கதவைத் தட்ட, நான்கும் தனித்தனியே கொடுத்தும் அவன் துயரம் தீராமல் போவதைக் கண்டு, சங்கங்களெல்லாம் ஒன்றாக இணைய வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார்.

எல்லாவற்றுக்கும் சிகரமாக அவர் மனத்தில் இருந்தது ஒரு கல்லூரி. அமெரிக்கச் சபைகள் தங்கள் குருமாரை ஐரோப்பாவிலிருந்தே இறக்குமதி செய்துகொண்டிருக்கும் வரையில், அந்தச் சமூகம் ஞானத்துக்குப் பிறர் கையை நம்பிப் பிழைப்பதாகவே இருக்கும் என்று அவர் கருதினார். உணவுக்குச் சொன்ன உச்சிப்படியை அவர் கல்விக்கும் பொருத்திக் கண்டார் எனலாம். 1867ஆம் ஆண்டு அக்டோபரில் பிலடெல்பியாவில் கல்லூரி திறந்தது. அமெரிக்காவில் ரபிகளைப் பயிற்றுவிக்க எழுந்த முதல் கல்லூரி அது. ஈகைப் படிகளை வகுத்த அந்த மைமோனிடிஸின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். லீஸர் தலைமையாசிரியர், மிக்வே இஸ்ரேலில் அவருக்குப்பின் வந்த சபாட்டோ மொராயிஸ் ஆசிரியர்களுள் ஒருவர், மோசஸ் டிராப்ஸி என்னும் வழக்கறிஞர் நிர்வாகத் தலைவர். மாணவர்கள் கைவிரலில் அடங்கும் தொகையினர். நான்கு மாதம் ஆவதற்குள், 1868ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், அறுபத்தோராம் வயதில் லீஸர் காலமானார். அவருடைய பத்திரிகையை மேயர் ஸல்ஸ்பர்கர் என்ற இளம் வழக்கறிஞர் ஓராண்டு நடத்திப் பார்த்து நிறுத்தினார். கல்லூரி 1873இல் மூடப்பட்டது. சபைகளை ஒன்றுபடுத்த 1859இல் அவர் துணைநின்று தோற்றுவித்த பிரதிநிதிகள் மன்றமும் 1878இல் வேறோர் அமைப்புக்குள் கரைந்தது. அன்று கணக்குப் பார்த்தவர்களுக்கு, இந்த மனிதர் ஊன்றியதில் பாதிக்குமேல் பட்டுப்போயிற்று என்றே தோன்றியிருக்கும்.

ஆனால் பட்டுப்போனவை தழைக்கத் தொடங்கின. அவர் கண்மூடிய மறு ஆண்டே, 1869இல், பிலடெல்பியாவின் யூத தரும சங்கங்கள் பல ஒன்றாக இணைந்தன. மொராயிஸ் 1886இல் நியூயார்க்கில் ரபிகளுக்கான புதிய கல்லூரி எழக் காரணமானார். எரிந்துபோன பிரசுர சங்கம் அதே பிலடெல்பியாவில் 1888இல் மறுபிறவி எடுத்தது. இன்றும் நூல்கள் வெளியிட்டு வருகிறது. ரெபெக்காவின் சகோதரர் ஹைமன் கிராட்ஸ் எழுதிவைத்த அறக்கட்டளையிலிருந்து 1895இல் கிராட்ஸ் கல்லூரி தோன்றியது. டிராப்ஸி தம் செல்வத்தை உயிலெழுதி வைக்க, 1907இல் அவர் பெயரால் ஆராய்ச்சிக் கல்லூரி ஒன்று பதிவுபெற்றது. பழைய யூத மருத்துவமனை 1952இல் வேறு இரண்டு மருத்துவமனைகளோடு சேர்ந்து ஐன்ஸ்டைன் பெயரைத் தாங்கியது.

ஏழையாகப் பிறந்து ஏழையாகவே மறைந்த லீஸருக்கு ஒரு சொத்து இருந்தது. அது அவருடைய புத்தகங்கள். அவை மாணவர்களின் பயனுக்கென்று கல்விச் சங்கத்தை வந்தடைந்தன. 1883இல் அந்த நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தூசு தட்டி, பெயரும் ஆண்டும் குறித்து அட்டவணை தயாரித்தவர் ஸைரஸ் ஆட்லர் என்னும் இருபது வயது இளைஞர். அந்த இளைஞர்தான் பிற்காலத்தில் டிராப்ஸி கல்லூரியின் தலைவரானார்; மறுபிறவி எடுத்த பிரசுர சங்கம் 1917இல் வெளியிட்ட புதிய வேதாகம மொழிபெயர்ப்புக் குழுவுக்கும் அவரே தலைமை தாங்கினார். லீஸருடைய மொழிபெயர்ப்பை வழக்கிலிருந்து இறக்கிவைத்த நூல் அது. தம் நூலை முதுமையடையச் செய்யப்போகும் கைக்குத் தம் நூலகத்தையே கொடுத்துப் போயிருந்தார் அவர். ஈகையில் இதைவிடப் பெரியது எது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் புத்தகங்கள் டிராப்ஸி கல்லூரி வழியாக இப்போது பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் இருக்கின்றன. யாரோ ஒரு மாணவன் ஒரு மாலை நேரத்தில் அவற்றுள் ஒன்றை வாங்கிப் படித்துவிட்டு, பழைய உடைமையாளர் யாரென்று பாராமலே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகக்கூடும். எருசலேமின் அந்த இரகசிய அறையில் நடந்ததும் இதுதான்.